சிதறிக் கிடந்த சாட்சியம்: ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரும் ஃபயர்ஸ்டோன் டயரும்



பொதுநலம் குறித்தும் அரசாங்க நிர்வாகம் குறித்தும் ஆண்டுக்கொருமுறை இவ்வரங்கில் ஒருவர் பேச வேண்டும் என்பது இவ்வறக்கட்டளையை ஏற்படுத்திய பெரியவரின் விருப்பம் என்று அழைப்பில் எழுதியிருந்தீர்கள். அவ்விருப்பத்துக்கு இணங்க நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், அமெரிக்க தேசத்தில் 1990ஆம் ஆண்டு முதல் 2002ஆம் ஆண்டு வரையில் ஒரு மோட்டார் வாகனத்தையும் அதன் டயரையும் பற்றிய சரித்திரமாகும். தொழில்நுட்ப விஷயமாயிற்றே, நிர்வாகத்தைப் பற்றிய சபையில் இதற்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கக்கூடும். ஒரு குறைபாடு எங்கே இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் பலர் இருந்தும், அந்த அறிவு ஓரிடத்தில் வந்து சேராமையால் மட்டுமே மனிதர்கள் மாண்டுபோன கதை இது. அறிவை ஒருங்கு சேர்ப்பதே அரசாங்கத்தின் முதற்கடமைகளில் ஒன்று என்பது என் திடமான அபிப்பிராயம் ஆகையால், இச்சபைக்கு இதைவிடப் பொருத்தமான விஷயம் எனக்குத் தோன்றவில்லை.

ஃபோர்டு நிறுவனம் 1990ஆம் ஆண்டில், மறு ஆண்டின் மாடல் என்ற கணக்கில், எக்ஸ்ப்ளோரர் என்னும் வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ரேஞ்சர் என்னும் தன் சரக்கு வண்டியின் சட்டகத்தை ஆதாரமாகக் கொண்டு, அதன்மேல் ஐந்து பேர் சௌகரியமாக அமரும் உடலை ஏற்றி, குடும்பத்துக்கும் உதவும், கரடுமுரடான பாதைக்கும் உதவும் என்ற உறுதிமொழியோடு விற்கப்பட்ட அந்த எஸ்யூவி, அவ்வகை வண்டிகளில் அமெரிக்காவிலேயே மிகுதியாக விற்பனையாகும் வண்டியாக விரைவில் உயர்ந்தது. சரக்கு வண்டியின் சட்டகம் உயரமானது; உயரமான சட்டகத்தின்மேல் ஏறிய உடலின் பாரமையமும் உயரத்தில் இருந்தது; அகலமோ அந்த உயரத்துக்கு ஈடாக வளரவில்லை. இத்தகைய வண்டி, சாதாரணக் காரைவிட எளிதில் கவிழும் என்பதற்குப் பெரிய கணிதம் வேண்டியதில்லை. சந்தைக்கு வருமுன் நடந்த சோதனைகளில் இந்த இயல்பு குறித்து ஃபோர்டு பொறியாளர்களே கவலைப்பட்டார்கள் என்பதும், அதைத் தணிப்பதற்கு ஆலோசிக்கப்பட்ட வழிகளில் டயரின் காற்றைக் குறைப்பதும் ஒன்று என்பதும் பிற்காலத்தில் வெளிவந்த ஆவணங்களால் தெரியலாயின. வண்டியின் கதவருகே ஒட்டப்பட்ட சீட்டில் சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு காற்று என்று அச்சிடப்பட்டிருந்தது. டயரைச் செய்து கொடுத்த ஃபயர்ஸ்டோனோ பின்னாளில் 30 பவுண்டே தகும் என்று சொல்லிற்று.

நான்கு பவுண்டு வித்தியாசத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அதை அறிய டயரின் உள்ளமைப்பைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். நம் ஓட்டுநர்கள் பட்டன் என்று சொல்கிறார்களே, தரையைப் பற்றும் அந்த மேற்பாகத்துக்கு அடியில், ரேடியல் டயரில், ரப்பர் பூசிய மெல்லிய எஃகுக் கம்பிகளால் ஆன இரண்டு பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றப்பட்டிருக்கும். ஒரு பட்டையின் கம்பிகள் இடப்புறம் சாய்ந்திருந்தால் மற்றதின் கம்பிகள் வலப்புறம் சாய்ந்திருக்கும். இவ்விரு பட்டைகளின் ஓரங்களும் சந்திக்கும் இடமே டயரின் நலிந்த இடம். அங்கே இரண்டுக்கும் நடுவில் ஆப்பு வடிவத்தில் ஒரு ரப்பர்த் துண்டு வைக்கப்படுகிறது. சக்கரம் ஒவ்வொரு முறை சுழலும்போதும் பட்டை ஓரங்கள் ஒன்றையொன்று உரசி இழுக்கும் விசையைத் தாங்குவது அதன் வேலை. காற்றுக் குறைந்தால் டயர் அதிகம் வளைகிறது, வளைந்தால் சூடேறுகிறது, பாரம் மிகுந்து, வேகம் மிகுந்து, தார்ச்சாலையும் வெயிலில் கொதித்தால் அந்தச் சூடு பன்மடங்காகிறது. சூட்டில் ரப்பர் நெகிழ்ச்சியை இழந்து இறுகுகிறது. ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு பிறக்கிறது. மாதக்கணக்கில் அது சுற்றிலும் ஊர்ந்து பரவி, ஒரு நாள், மேற்பட்டையும் பட்டன் பாகமும் சேர்ந்து வாழைத்தோலைப் போல் உரிந்து பறக்கின்றன. உள்ளே காற்று இருந்தபடியே இருக்கலாம். தரையைப் பற்றும் பிடி மட்டும் போய்விடுகிறது. பின் சக்கரத்தில் இது நேர்ந்தால் வண்டியின் பின்பக்கம் ஒருபுறம் சறுக்க, ஓட்டுபவர் பதறி ஸ்டியரிங்கை ஒடிக்க, உயரமான வண்டி புரண்டுவிடுகிறது.

டெக்ஸாஸ், ஃபுளோரிடா, அரிசோனா முதலிய வெப்ப மாகாணங்களிலேயே இத்தகைய விபத்துகள் முதலில் மிகுந்தன. ஒவ்வொன்றும் தனித்தனி விபத்தாக, அந்தந்த ஊர்க் காவல்துறையின் புத்தகத்தில் எழுதப்பட்டு மூடப்பட்டது. எங்கே, யார், எந்த அளவுக்கு அறிந்திருந்தார்கள் என்பதே என் சொற்பொழிவின் மையம்.

முதலாவது, ஸ்டேட் ஃபார்ம் என்னும் காப்பீட்டு நிறுவனத்தில் ஆராய்ச்சிப் பணியிலிருந்த சாமுவேல் பாய்டன். தம்மிடம் வந்த இழப்பீட்டு மனுக்களில் ஒரே வகை டயரின் பெயர் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, 1998ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பட்டன் உரிந்த 21 நிகழ்ச்சிகளைக் குறிப்பிட்டு, அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு அவர் மின்னஞ்சல் அனுப்பினார். பின்னரும் அவர் அந்த அலுவலகத்துக்கு நினைவூட்டினார். விசாரணை எதுவும் தொடங்கவில்லை. இரண்டாவது, ஃபயர்ஸ்டோன் நிறுவனமே. உத்தரவாதக் காலத்தில் திரும்பி வந்த டயர்களின் கணக்கை அதன் தர நிர்ணயப் பிரிவு பார்த்தது; ஆனால் காயம், சேதம் என்று நஷ்டஈடு கேட்டு வந்த மனுக்களின் கணக்கு வேறொரு பிரிவில் பணக் கணக்காக மட்டும் வைக்கப்பட்டிருந்தது. மூன்றாவது, ஃபோர்டு. சவூதி அரேபியாவின் பாலைவனச் சாலைகளில் இந்த டயர்கள் உரிந்ததைக் கேள்விப்பட்டு, 1999ஆம் ஆண்டில் அங்கும், பிறகு மலேசியாவிலும் தாய்லாந்திலும், 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் வெனிசுவேலாவிலும் அந்நிறுவனம் டயர்களை மாற்றிக் கொடுத்தது. அயல்நாட்டில் செய்த இத்தகைய மாற்றத்தை அமெரிக்க அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று அப்போதிருந்த சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆகவே அறிவிக்கவுமில்லை.

நான்காமவரைச் சொல்லும்போது என் மனம் மிகவும் வருந்துகிறது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காக வழக்காடிய வக்கீல்கள் சிலரும் அவர்களுக்கு ஆலோசனை கூறிய பாதுகாப்பு நிபுணரும், 1996ஆம் ஆண்டிலேயே இந்த டயர்கள் ஒரே மாதிரியாகப் பழுதாவதைக் கண்டுகொண்டார்கள். அரசாங்க அலுவலகம் அரைகுறையாக விசாரித்துக் குறைபாடு இல்லை என்று கோப்பை மூடிவிட்டால் தங்கள் வழக்கு பலவீனப்படுமே என்று அஞ்சி, நான்கு ஆண்டு காலம் அதைச் சொல்லாமல் இருந்துவிட்டார்கள். கட்சிக்காரருக்கு வக்கீல் செய்ய வேண்டிய கடமை என்று இதற்குச் சமாதானம் சொல்லப்பட்டது. அந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை. வழக்குத் தொடுத்தவருக்கு நேர்ந்த துயரம், வழக்கே தொடுக்காத ஆயிரம் பேருக்கு நாளை நேரப்போகிறது என்று அறிந்தபின், அந்த ஆயிரம் பேருக்கும் நாம் கடன்பட்டவர்கள் அல்லவா?

இனி அந்த அரசாங்க அலுவலகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1965ஆம் ஆண்டில் ரால்ஃப் நேடர் என்னும் இளம் வக்கீல் எழுதிய நூல், விபத்து என்றால் ஓட்டுநரின் குற்றம் என்றே எண்ணிப் பழகியிருந்த நாட்டை உலுக்கிற்று. மறு ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1970ஆம் ஆண்டில் மேற்சொன்ன நிர்வாகம் தற்போதைய பெயரோடு அமைந்தது. அதன் குறைபாட்டு விசாரணைப் பிரிவு பொதுஜனங்களிடமிருந்து வரும் புகார்களை வாசித்து, ஒரே மாதிரியானவற்றை ஒன்றுசேர்த்து, சந்தேகம் எழுந்தால் பூர்வாங்க ஆய்வையும், சந்தேகம் வலுத்தால் பொறியியல் ஆய்வையும் தொடங்குகிறது; உற்பத்தியாளரிடம் ஆவணங்களைக் கேட்டு வாங்குகிறது; குறைபாடு உண்டு என்று தேர்ந்தால் வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கேட்கிறது; மறுத்தால் முறைப்படி தீர்மானித்து நீதிமன்றம் வரை செல்கிறது. இந்த அலுவலகத்துக்கு ஃபயர்ஸ்டோன் முன்பே அறிமுகமானதுதான். 1978ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தின் வேறொரு ரேடியல் டயரை லட்சக்கணக்கில் திரும்ப அழைக்கச் செய்தது இதே அலுவலகந்தான். ஆனால் புகார் வந்தால்தான் இந்த யந்திரம் இயங்கும். இந்த டயர்களைப் பற்றிப் பல ஆண்டுகளில் அங்கே நேராக வந்திருந்த புகார்கள் சொற்பமே.

2000ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஹூஸ்டன் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று இந்த விபத்துகளைத் தொகுத்து ஒளிபரப்பிற்று. பார்த்தவர்கள் தங்கள் வீட்டில் நேர்ந்ததை நினைத்துக்கொண்டு அரசாங்க அலுவலகத்துக்கு அறிவிக்கத் தொடங்கினார்கள். மே மாதம் 2ஆம் தேதி பூர்வாங்க ஆய்வு தொடங்கியது. ஆகஸ்டு 9ஆம் தேதி ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 15 அங்குல டயர்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. மொத்தம் உற்பத்தியானவை 1 கோடியே 44 லட்சம். அவற்றுள் இன்னும் சாலையில் ஓடிக்கொண்டிருந்தவை ஏறத்தாழ 65 லட்சம் என்று கணக்கிடப்பட்டது. பல ஆண்டுகள் ஆகாத காரியம், ஜனங்கள் எழுதத் தொடங்கிய ஆறு மாதங்களில் ஆயிற்று.

அந்நாட்களில் அமெரிக்க வீடுகளின் முன்னே கண்ட காட்சியை நீங்கள் கற்பனை செய்து பார்க்க வேண்டும். வில்டர்னஸ் ஏடி என்னும் டயர் வகையில் திரும்ப அழைக்கப்பட்டவை, இல்லினாய் மாகாணத்து டெக்கேட்டர் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை மட்டுமே. ஆகையால் தன் டயர் அதில் அடங்குமா என்று அறிய, வண்டிக்காரர் மண்டியிட்டு, டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளைத் தேடி, அதன்பின் விடிஎச்எல் என்று தொடங்குகிறதா என்று படிக்க வேண்டும். உற்பத்தியான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும் கடைசி இலக்கங்கள் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே பொறிக்கப்பட்டிருந்தன. அந்தப் பக்கம் உட்புறமாக மாட்டப்பட்டிருந்தால், கைவிளக்கோடு வண்டிக்கடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். உயிருக்கு உத்தரவாதம் தரும் எண்ணை மனிதன் எளிதில் படிக்கக்கூடிய இடத்தில் பொறிக்க வேண்டும் என்ற விதி பின்னர்தான் பிறந்தது. மாற்று டயர்களும் உடனே கிடைக்கவில்லை. வெப்ப மாகாணங்களுக்கே முதலில் என்று முறை வகுத்தபோது மற்ற மாகாணத்தார் கொதித்தெழுந்தார்கள். ஃபோர்டு தன் தொழிற்சாலைகள் மூன்றைச் சில வாரங்கள் நிறுத்தி, புது வண்டிக்கு வைத்திருந்த டயர்களைப் பழைய வண்டிகளுக்குத் திருப்பிவிட்டது.

செப்டம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் சபைக் குழுக்களின் முன் ஃபயர்ஸ்டோன் தலைவர் மசதோஷி ஓனோவும் ஃபோர்டின் தலைமை நிர்வாகி ஜாக் நாசரும் வந்து நின்றார்கள். டயரே குற்றவாளி என்றது ஃபோர்டு. ஏறத்தாழ 5 லட்சம் எக்ஸ்ப்ளோரர்களில் குட்இயர் டயர் பொருத்தியிருந்தோம், அவற்றில் இத்தொல்லை இல்லையே என்று கணக்குக் காட்டிற்று. வண்டியே குற்றவாளி என்றது ஃபயர்ஸ்டோன். டயர் உரிந்தால் வேறு வண்டிகள் ஓரமாக நிற்கின்றன, இது மட்டும் ஏன் கவிழ்கிறது என்று கேட்டது. ஹென்றி ஃபோர்டும் ஹார்வி ஃபயர்ஸ்டோனும் உயிர் நண்பர்கள். 1947ஆம் ஆண்டில் ஃபோர்டின் பேரனும் ஃபயர்ஸ்டோனின் பேத்தியும் மணம் செய்துகொண்டார்கள். அந்தத் தம்பதியின் புதல்வரே இச்சச்சரவு நடந்தபோது ஃபோர்டு நிறுவன இயக்குநர் குழுவின் தலைமைப் பீடத்தில் அமர்ந்திருந்தார். ஆயினும் 2001ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் தேதி ஃபயர்ஸ்டோன், ஃபோர்டுடன் தனக்கிருந்த நெடுநாளைய வியாபார உறவை முறித்துக்கொண்டது. மறுநாளே ஃபோர்டு, எஞ்சியிருந்த 1 கோடியே 30 லட்சம் டயர்களையும் தன் செலவில் மாற்றுவதாக அறிவித்தது.

டெக்கேட்டர் தொழிற்சாலையைப் பற்றி ஒரு செய்தி, பத்திரிகைகள் இந்த வழக்கை மறந்தபின் வெளிவந்தது. 1994ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அங்கே தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டும் ஊதியக் குறைப்பும் அவர்களுடைய முறையீடு. நிர்வாகம் மாற்றுத் தொழிலாளரை வைத்துத் தொழிற்சாலையை நடத்திற்று. பின்னர் பழைய தொழிலாளர் திரும்பி, தங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டவர்களின் அருகிலேயே நின்று வேலை செய்ய நேர்ந்தது. பொருளாதார அறிஞர்களாகிய ஆலன் க்ரூகரும் அலெக்ஸாந்தர் மாஸும் டயர்களின் உற்பத்திக் காலத்தையும் அவை பழுதான விவரங்களையும் ஒப்பிட்டு 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், நிர்வாகம் சலுகைகளைத் திரும்பக் கேட்ட காலத்திலும், இரு சாராரும் அருகருகே நின்று உழைத்த காலத்திலும் உற்பத்தியான டயர்களே மிகுதியாகப் பழுதாயின என்று கண்டார்கள். புதியவர்களுக்கு அனுபவம் போதாமையே காரணம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாதபடி அவர்களுடைய கணக்கு அமைந்திருக்கிறது. நியாயம் மறுக்கப்பட்ட மனக்கசப்பு, அந்த டயரை ஒருநாளும் கண்டிராத ஒரு குடும்பத்தை எங்கோ ஒரு நெடுஞ்சாலையில் தாக்கியிருக்கக்கூடும் என்பதை எண்ணும்போது, தொழில் உறவு என்பது தொழிற்சாலை மதிலுக்குள் முடிகிற விஷயமன்று என்பது விளங்குகிறது.

அரசாங்கத்தின் பொறியியல் ஆய்வு 2001ஆம் ஆண்டு அக்டோபரில் முடிந்தது. பட்டை ஓரங்களின் நடுவே இருந்த ஆப்பு ரப்பரின் அளவும் டயரின் தோள்பகுதி வடிவமும் சேர்ந்து வெடிப்புக்கு இடமளித்தன என்று அலுவலகம் தீர்மானித்தது. 1998ஆம் ஆண்டு மே மாதத்துக்கு முன் செய்யப்பட்ட இன்னும் 35 லட்சம் டயர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அமெரிக்காவில் இந்த டயர்களோடு தொடர்புபடுத்தப்பட்ட மரணங்களின் எண்ணிக்கை 271 என்று அலுவலகத்தின் பதிவில் ஏறியிருந்தது. எக்ஸ்ப்ளோரரின் அமைப்பையும் விசாரிக்க வேண்டுமென்று ஃபயர்ஸ்டோன் செய்துகொண்ட விண்ணப்பம் 2002ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிராகரிக்கப்பட்டது. டயர் உரிந்தபின் கட்டுப்பாடு இழக்கும் தன்மை அவ்வகையான மற்ற வண்டிகளைவிட இதற்கு அதிகம் என்று காட்டச் சான்று இல்லை என்பது அதன் காரணம்.

இந்தத் தீர்ப்பின் முற்பாதியை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். பிற்பாதியில் எனக்கு ஒரு குறை உண்டு. இந்த வண்டி தன் இனத்தாரைவிட மோசமா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. அந்த இனம் முழுவதுமே கவிழும் இயல்பு மிகுந்ததா என்ற கேள்வி அந்தக் கோப்பின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது. இதற்கிடையில் ஃபோர்டே 2002ஆம் ஆண்டு மாடலில் எக்ஸ்ப்ளோரரை இரண்டரை அங்குலம் அகலமாக்கிற்று. வண்டி சறுக்கத் தொடங்கும் நொடியில் தானே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து நேராக்கும் மின்னணுக் கட்டுப்பாடு எல்லாப் புது இலகுரக வண்டிகளிலும் கட்டாயம் என்ற விதியை அதே அலுவலகம் 2007ஆம் ஆண்டில் வகுத்தது. உண்மையான விடை அப்போதுதான் கிடைத்தது என்று சொல்வேன்.

அறிவு ஓரிடத்தில் வந்து சேராமை என்று நான் முதலில் பிரஸ்தாபித்த குறைக்கு நேர் மருந்தாக அமைந்தது, 2000ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி ஜனாதிபதி கிளின்டன் கையெழுத்திட்ட ட்ரெட் சட்டம். அயல்நாட்டில் எந்த வண்டியைத் திரும்ப அழைத்தாலும் ஐந்து வேலை நாட்களுக்குள் அமெரிக்க அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது விதித்தது. நிறுவனத்துக்கு வரும் இழப்பீட்டு மனு, மரணச் செய்தி, உத்தரவாதக் கணக்கு ஆகியவற்றைக் குறித்த காலத்தில் தொகுத்துச் சமர்ப்பிக்க வேண்டும் என்றது. உயிர்ச்சேதம் விளைவிக்கும் குறைபாட்டைப் பற்றித் தெரிந்தே அரசாங்கத்தை ஏமாற்றுவோருக்கு 15 ஆண்டு வரை சிறைத் தண்டனையும், அபராதத்துக்கு முன்பிருந்த 9,25,000 டாலர் உச்சவரம்புக்குப் பதிலாக 1 கோடியே 50 லட்சம் டாலரும் வகுத்தது. காற்றுக் குறைந்தால் ஓட்டுபவர் முன் விளக்கு எரிந்து எச்சரிக்கும் கருவியும் இச்சட்டத்தின் வழியே வந்ததுதான். 1960களில் வகுத்த டயர்ச் சோதனை விதிகள், ரேடியல் டயர் பரவி வெகுகாலம் ஆன பிறகும் பெரிதும் திருத்தப்படாமல் கிடந்தன. அவையும் இச்சட்டத்தின் கட்டளையால் புதுப்பிக்கப்பட்டன.

இனி நம் தேசமாகிய இந்தியாவைப் பார்ப்போம். இங்கே வண்டியைத் திரும்ப அழைப்பது நெடுங்காலம் உற்பத்தியாளரின் நல்லெண்ணத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. 2019ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 110-ஏ பிரிவும், 2021ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த விதிகளும், குறைபாடுள்ள வண்டியைத் திரும்ப அழைக்கும்படி கட்டளையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்திருக்கின்றன. இந்த அதிகாரம் எப்போது விழித்தெழும் என்பதைச் சட்டமே சொல்லியிருக்கிறது: ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் வண்டிச் சொந்தக்காரர்கள் ஒரே குறையை அரசுக்கு எழுதியிருந்தாலோ, சோதனை நிறுவனமோ வேறு மூலமோ அறிவித்தாலோதான். மெக்கானிக்கிடம் சொல்லி ஆறுதல் அடைவது, ஷோரூமில் சண்டையிட்டுத் தனக்கு மட்டும் ஒரு புதுப் பாகம் வாங்கிக்கொண்டு வருவது, இவையே நம் வழக்கம். அந்தப் பாகம் ஏன் பழுதாயிற்று என்பது அந்தக் கடையின் குப்பைத் தொட்டியோடு போய்விடுகிறது.

ஆகையால் இச்சபையில் இருக்கும் இளைஞர்களை நான் கேட்டுக்கொள்வது இது: உங்கள் வீட்டு வண்டியில் பிரேக்கோ டயரோ ஸ்டியரிங்கோ காரணமின்றிக் கைவிட்டால், பழுதான பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள்; அதன் எண்ணையும் உற்பத்தித் தேதியையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள்; எந்தச் சாலை, எந்த வேகம், எவ்வளவு பாரம் என்று அன்றைக்கே குறித்துக்கொண்டு, நிறுவனத்துக்கு எழுதுவதோடு நில்லாமல் மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் எழுதுங்கள்.